சித்தப்பாவின் தலைக்காயமும் இரண்டு தாள்களும்

நான் ஊருக்கு வந்த ஐந்தாம் நாள், கண்டியூரைத் தாண்டிச் சித்தப்பா மொபெட்டிலிருந்து விழுந்தார். குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டிக்காகப் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஆடு தப்பித்தது, வண்டி சறுக்கித் தலையின் இடப்பக்கம் தார்ச்சாலையில் மோதியது. தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது 64.

108-க்கு அழைத்தவர் எதிரே இருந்த டீக்கடைக்காரர். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்று கேட்டேன். "ஆற்றி வைத்த டீ சூடு அடங்குவதற்குள் கண் திறந்துவிட்டாரம்மா" என்றார். அதை அப்படியே கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது மருத்துவர் எழுதிய நோயையும் காயத்தையும் குறியீடாக மாற்றும் வேலை, பார்க்கிறேன். விபத்துப் பிரிவுக் கோப்புகள்தான் என் மேசைக்கு வருபவை. நினைவு தப்பியது அரை மணி நேரத்துக்குள்ளா, அதற்கு மேலா என்பதைப் பொறுத்து அங்கே குறியீட்டின் ஆறாவது எழுத்தே மாறும். பார்த்தவர் சொல்லாவிட்டால் அந்த விவரம் எந்த ஸ்கேனிலும் கிடைக்காது.

தஞ்சாவூரில் முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். பணியில் இருந்த இளம் டாக்டரம்மாவை இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். "ஐயா, ஐயா" என்று குரல் கொடுத்தார். சித்தப்பா கண் திறந்தார். "இது எந்த இடம்?" என்று கேட்டதற்கு "மில்லு" என்றார். அரிசி ஆலை வேலையை அவர் விட்டு இருபது வருடம் ஆகிறது. "வலது கையைத் தூக்குங்கள்" என்றதும் தூக்கினார். சித்தி அழுகையோடு, "என் பெயரைச் சரியாகச் சொல்கிறாரே, நன்றாகத்தானே இருக்கிறார்" என்றார். டாக்டர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார்: கண் 3, பேச்சு 4, அசைவு 6, மொத்தம் 13. பக்கத்தில் நேரம்: காலை 10.40. அடுத்த வரியில், மொபெட்டிலிருந்து தானாக விழுந்தது, வாந்தி ஒரு முறை.

அந்த மூன்று எண்கள்தான் கிளாஸ்கோ கோமா அளவுகோல். கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை. அடிமட்டம் 3, முழு அளவு 15. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமை. கேட்டதற்குக் கோர்வையாகப் பதில் வந்தும் இடம் தெரியாமல் குழம்பினால் பேச்சுக்கு 4. வீட்டாருக்கு அது நன்றாக இருப்பதாகவே தோன்றும். சித்திக்கும் அப்படித்தான் தோன்றியது. எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 13-இல் வந்தவர் 15-க்கு ஏறினால் தேறுகிறார். 15-இல் வந்தவர் 13-க்கு இறங்கினால் ஓட வேண்டும். முதல் எண்ணும் நேரமும் தாளில் இல்லாவிட்டால் திசை தெரியாது.

அரை மணி நேரத்தில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளை உறைக்கு அடியில் மெல்லிய ரத்தக்கட்டு. அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்கள். ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் நச்சரித்து, சாயங்காலமே தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றிவிட்டோம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. நாங்கள் போன இடம் அந்தப் பட்டியலில் இல்லை. விசாரிக்காமல் மாற்றியது எங்கள் தவறு.

அங்கேயும் கவனிப்பில் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் மணிக்கொரு தரம் சிஸ்டர்கள் வந்து எழுப்பிப் பார்த்தார்கள். நான்காம் நாள் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிதான் என்னைக் கலங்கவைத்தது. "மயக்கம், வாந்தியுடன் வந்தார். இடப்பக்கம் சப்டியூரல் ரத்தக்கட்டு. ஜி.சி.எஸ். 15/15." சப்டியூரல் என்றால் மூளை உறைக்கு அடியில்; ஜி.சி.எஸ். என்பது அந்தக் கிளாஸ்கோ அளவுகோல். அவ்வளவுதான். விழுந்தார் என்ற சொல்லே அதில் இல்லை.

அதை முதலில் பிடித்தவள் தங்கை, சித்தப்பாவின் மகள். திருச்சியில் ஒரு நிறுவனத்தில் அவளும் மெடிக்கல் கோடிங் வேலைதான் பார்க்கிறாள். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதிக் காட்டினாள். அடிபட்டதால் வந்த ரத்தக்கட்டு என்றால் எஸ்06.5. அடிபடாமல் தானாக வந்தது என்றால் ஐ62.0. முன்னது காயம், பின்னது நோய். சித்தப்பாவின் காப்பீட்டுப் பாலிசிக்கு அன்றைக்கு இருபத்திரண்டு நாள்தான் வயது. முதல் 30 நாளில் நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு அந்தத் தடை இல்லை. அவள் பயந்தபடியே, காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டதாகச் சாயங்காலம் செய்தி வந்தது. கடனை வாங்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

விபத்து எப்படி நடந்தது என்பதற்கும் குறியீடு உண்டு. எதிலும் மோதாமல் சறுக்கி விழுந்ததால் வி28; ஆட்டின்மேல் மோதியிருந்தால் வி20. என் வேலையில் இதற்கு மேல் கடுமைக் கணக்கும் போட வேண்டும். ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண்; அதிகம் அடிபட்ட மூன்று உடற்பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவது. உச்சம் 75. தலைக்கு 3 என்று வைத்தால் 9, முழங்கைச் சிராய்ப்புக்கு 1, ஆக 10. 15-ஐத் தாண்டினால் பெருங்காயம் என்பார்கள். "15/15" என்று மட்டும் எழுதிய தாளை வைத்து இதில் எதையும் போட முடியாது.

மறுநாள் அரசு மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் போனோம். விபத்துப் பதிவேட்டு நகலுக்கு மனு எழுதிக் கொடுத்து, அடுத்த நாள் மறுபடி போய் வாங்கினோம். அங்கிருந்த பெரியவர் கட்டுக்கட்டாகத் தேடி எடுத்து, மங்கலாக விழுந்த பக்கத்தைக் கேட்காமலே இன்னொரு முறை நகலெடுத்துத் தந்தார். அந்த நகலையும் டீக்கடைக்காரர் சொன்னதையும் தனியார் மருத்துவமனை டாக்டரிடம் காட்டினேன். முகம் சுளிக்காமல் படித்தார். சம்மரியை வீடு திரும்பும் நாளில் அவசரத்தில் எழுதுகிறார்கள், சரிபார்க்க ஆள் இல்லை என்றார். திருத்திய தாளில் விழுந்த விதம், வந்தபோது 13, போகும்போது 15, "நினைவிழப்பு 30 நிமிடத்துக்குள், நேரில் கண்டவர் கூற்று" எல்லாம் ஏறின. ஒன்பது நாளில் பணம் வந்தது.

ஒஹாயோவில் ஒரு வரி விடுபட்டால் டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்புவதே என் வேலையில் பாதி. அதே வேலையைச் சென்னையிலும் திருச்சியிலும் நம் பிள்ளைகள் அமெரிக்க நோயாளிகளுக்காக அவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள். தஞ்சாவூரில் விழுந்த மனிதரின் தாளை அப்படிப் படிக்க அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட இல்லை என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஊருக்கு வருகிறவர்கள் இப்படி ஒன்று நேர்ந்தால், முதலில் போன இடத்துச் சீட்டின் நகலை வாங்காமல் அடுத்த மருத்துவமனைக்கு நகராதீர்கள்.

நான்காம் வாரம், நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், மறு ஸ்கேன். ரத்தக்கட்டு கரைந்திருந்தது. டாக்டர் இந்தமுறை தாமே நாற்காலியை இழுத்துப் போட்டு, "இது எந்த இடம்?" என்று கேட்டார். சித்தப்பா மருத்துவமனையின் பெயரையும், தெருவையும், திருவையாற்றுக்கு பஸ் நிற்கும் முனையையும் சொன்னார். டாக்டர் 4, 5, 6 என்று தனித்தனியாக எழுதி, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துப் பக்கத்தில் நேரத்தையும் போட்டார்.