பதினாலா, பதினாறா? டேபிளுக்கு ஃபவுல் சொல்வதில் எது வசதி

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் கோடைக்கால பாஸ்கெட்பால் போட்டியில் இந்த வருடம் ஒரு வேலையை என் தலையில் கட்டினார்கள். ரெஃப்ரிகள் ஆளுக்கொரு விதமாக டேபிளுக்கு, அதாவது ஸ்கோரர் உட்காரும் மேசைக்கு, ஃபவுல் சொல்கிறார்கள், ஒரே முறையாக முடிவு செய்து கொடுங்கள் என்றார்கள். நான் விசிலும் ஊதுகிறவன், ஆள் கிடைக்காத நாளில் ஸ்கோர்ஷீட்டும் எழுதுகிறவன். மேசையின் இரண்டு பக்கமும் தெரியும் என்பதுதான் என் தகுதி.

அடிப்படையில் யாருக்கும் தகராறு இல்லை. விசில் ஊதி, மூடிய கையை உயர்த்தி, டேபிளுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். முதலில் ஃபவுல் செய்தவரின் ஜெர்சி நம்பர், அடுத்து என்ன ஃபவுல், கடைசியில் ஃப்ரீ த்ரோவா பக்கவாட்டுப் பந்தா என்பது. தகராறெல்லாம் அந்த நம்பரில்தான். கையால் மட்டும் காட்டலாம், முழு எண்ணாகச் சொல்லலாம், இலக்கம் இலக்கமாகச் சொல்லலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

கை மட்டும் போதும் என்பவர்கள் பழைய ஆட்கள். அவர்கள் காலத்தில் சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஜெர்சி நம்பர் 4 முதல் 15 வரைதான். வலது கையை மூடினால் பத்து, இடது கையில் மீதி, வேலை முடிந்தது. 2014-க்குப் பிறகு 0, 00, அப்புறம் 1 முதல் 99 வரை எதையும் போடலாம் என்றாகிவிட்டது. 16-லிருந்து புறங்கையைக் காட்டிப் பத்தின் இலக்கம், உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இலக்கம். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் 5-க்கு மேற்பட்ட இலக்கமே ஜெர்சியில் வராது. ஒரு கைக்கு ஓர் இலக்கம், சுலபம். நம் பையன்களோ தோனிக்காக 7, கோலிக்காக 18 என்று கேட்டு வாங்குகிறார்கள், ஆடுவது பாஸ்கெட்பால் என்றாலும். எங்கள் கோர்ட்டில் ஃப்ளட்லைட் ரெஃப்ரியின் முதுகுக்குப் பின்னால். விரல் எத்தனை என்று நிழலைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். அதோடு ஸ்கோரர் அந்த நேரத்தில் குனிந்து முந்தைய கூடையை எழுதிக்கொண்டிருப்பார். குனிந்த தலைக்குக் காதுதான் துணை. கையோடு குரலும் சேரட்டும் என்று ஃபிபா விதிப்புத்தகமே வலியுறுத்துகிறது.

சரி, குரல் கொடுக்கலாம். முழு எண்ணாகச் சொன்னால் என்ன? தமிழில் பதினாலு, பதினாறு, பதினேழு. மூன்றும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். வித்தியாசம் நடுவில் இருக்கிறது, அதைத்தான் மைக்செட் விழுங்குகிறது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தர்டீனும் தர்ட்டியும். வேடிக்கை என்னவென்றால், தமிழ் குழப்புகிற இடத்தில் ஆங்கிலம் தெளிவு, ஆங்கிலம் குழப்புகிற இடத்தில் தமிழ் தெளிவு. நம் ரெஃப்ரிகள் இரண்டையும் கலந்து பேசுவதால் இரண்டு குழப்பமும் நமக்கே.

எனக்கே பட்ட அனுபவம் இது. நான்கு வருடம் முன்பு ஒரு அரையிறுதி, டேபிளில் நான். நீல அணியின் 14 தள்ளிவிட்டான். ரெஃப்ரி ஓடிக்கொண்டே "பதினாலு, புஷ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அதே நேரம் மைக்கில் பரிசுக் கோப்பை வழங்குபவரின் பெயர். என் காதில் விழுந்தது பதினாறு. 16-க்கு ஏற்கனவே நான்கு ஃபவுல், ஐந்தானால் ஆட்டத்தை விட்டு வெளியே. எழுதினேன், ஐந்து என்ற அட்டையைத் தூக்கினேன். பையன் ஒன்றும் புரியாமல் பெஞ்சுக்குப் போனான். அடுத்த டைம்-அவுட்டில் அந்த 14 டேபிளுக்கே வந்து, "சார், அந்த ஃபவுல் என்னோடது" என்றான்.

என் முடிவுக்குக் காரணம் இந்த இடம்தான். ஸ்கோர்ஷீட் தவறைத் திருத்த விதியில் வழி இருக்கிறது: தலைமை ரெஃப்ரி கையெழுத்துப் போடும் வரை ஃபவுல் கணக்கைத் திருத்தலாம். திருத்தினோம். ஆனால் அந்தப் பையன் வெளியே உட்கார்ந்திருந்த நிமிடங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவர்கள் ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், மண்டியில் காலமெல்லாம் பேரேடு எழுதியவர், அடித்துத் திருத்திய என் வரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அதனால் எந்த முறை வேகம், எது அழகு என்று நான் பார்ப்பதில்லை. தவறு நடந்தால் அந்த நொடியிலேயே பிடிபடுமா என்பதுதான் கேள்வி. "ப்ளூ. ஒன், ஃபோர். புஷ். டூ ஷாட்ஸ்." டூ ஷாட்ஸ் என்றால் இரண்டு ஃப்ரீ த்ரோ. இப்படிச் சொன்னால் ஓர் இலக்கம் காதில் விழாவிட்டாலும் ஏதோ விட்டுப்போனது என்று ஸ்கோரருக்குத் தெரியும், உடனே கேட்பார். முழு எண்ணில் பாதி விழுந்தால் மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும், கேட்கவே தோன்றாது. ஸ்கோரர் "ஒன், ஃபோர்" என்று திருப்பிச் சொன்ன பிறகே ரெஃப்ரி நகரலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

குறையும் உண்டு. ஒற்றை இலக்க நம்பரில் "ஃபோர்" சொல்லி, ஃபவுல் வகையை விட்டுவிட்டு, "டூ ஷாட்ஸ்" என்று தாவினால் 42 ஆகிவிடும். அதனால் "நம்பர் ஃபோர்" என்று சொல்ல வைத்தேன். சத்தத்தில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். அங்கே கைதான் காப்பாற்றுகிறது. ஒண்ணு, நாலு என்று தமிழ் இலக்கமாகவே சொல்லலாமே என்றார் ஒருவர். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் ஆட்டம் முழுக்க அதே மொழி. இதெல்லாம் திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில், இரண்டு ரெஃப்ரிகளோடு பார்த்தது. மரத்தளம் போட்ட உள்ளரங்கில், மூன்று ரெஃப்ரிகளோடு நான் வேலை பார்த்ததில்லை. அங்கே கையே போதுமாக இருக்கலாம்.

எங்கள் மூத்த ரெஃப்ரி ஒருவர் மட்டும் இன்னும் மாறவில்லை. போன வாரமும் "பதினாறு, ஹோல்டிங்" என்றார். டேபிளில் இருந்த கல்லூரிப் பெண் பேனாவை எடுக்கவே இல்லை. "ஒன், சிக்ஸா சார்?"

"அதைத்தானேம்மா சொன்னேன்."

"ஒன், சிக்ஸ்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் எழுதினாள்.