25 கிராம் புரதம்: பொடியிலிருந்தா, தட்டிலிருந்தா?

புரதப் பொடியை உணவோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் 100 கிராமில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் பொடியே எப்போதும் வெல்லும். ஏனெனில் நீர், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவற்றின் பெரும்பகுதியை நீக்கிய பிறகு எஞ்சுவதே பொடி. ஒரு வேளைக்குத் தாராளமான 25 கிராம் புரதத்தை அளவுகோலாகக் கொண்டு, அதைப் பெற எவ்வளவு உண்ண வேண்டும், கூடவே எத்தனை கலோரி சேர்கிறது, வேறு என்ன சத்து கிடைக்கிறது என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடாக எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன் தேவையின் அளவு தெரிய வேண்டும். நலமாக உள்ள பெரியவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று உலக சுகாதார அமைப்பின் 2007 அறிக்கை கூறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். தசையை வளர்க்கப் பளு தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பயன் தெரிகிறது; அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் மிகக் குறைவு. முதியவர்களின் தசை புரதத்துக்கு மந்தமாகவே வினையாற்றுவதால், அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது.

இப்போது 25 கிராமுக்கு வருவோம். மோர்த்தெளிவிலிருந்து எடுக்கப்படும் வே புரதப் பொடியில் சுமார் 30 கிராம் போதும், 120 கலோரி. வேகவைத்த தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் 80 கிராம் உண்டால் ஏறக்குறைய 130 கலோரியில் அதே புரதம் கிடைத்துவிடுகிறது. கொழுப்பு குறைந்த மீனும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. ஆகவே மீனும் இறைச்சியும் உண்பவர்கள் கலோரியைக் காரணம் காட்டிப் பொடி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டை என்றால் நான்கு, சுமார் 300 கலோரி. பால் என்றால் முக்கால் லிட்டர். கொழுப்பு நீக்காத பாலானால் 450 கலோரிக்கு மேல்.

பருப்பு, பயறு வகைகளில்தான் கணக்கு அடிக்கடி தவறுகிறது. 100 கிராம் மசூர் பருப்பில் 25 கிராம் புரதம் என்று படிப்பவர்கள், அது உலர்ந்த பருப்பின் அளவு என்பதைக் கவனிப்பதில்லை. வெந்தபின் அது நீரை உறிஞ்சிப் பெருகுவதால், 100 கிராமில் 9 கிராம்தான் மிஞ்சும். ஆக 25 கிராமுக்கு ஏறத்தாழ 280 கிராம் வெந்த பருப்பு வேண்டும். 320 கலோரி ஆகும். ஒரே வேளையில் இது அதிகம்தான். ஆனால் அதோடு 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், ஃபோலேட் என்ற வைட்டமினும், இரும்புச்சத்தும் வருகின்றன. வே பொடியில் இவை ஏறத்தாழ இல்லை. நிலக்கடலையைப் புரத உணவாக எண்ணுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை: 25 கிராமுக்கு 100 கிராம் கடலையும் 570 கலோரியும் தேவைப்படும் அந்த உணவில் பாதி கொழுப்பே. நல்ல கொழுப்புதான், ஆனால் கணக்கில் அதைக் கொழுப்பாகவே வைக்க வேண்டும்.

தரத்தில் வே புரதத்துக்கு ஒரு மேன்மை உண்டு. தசை உருவாக்கத்தைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டமைக்கும் கூறுகளில் ஒன்று) அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது, செரிமானமும் வேகமானது. மற்ற அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது, ஒரே வேளையில் சேர்த்து உண்டே ஆக வேண்டும் என்பதில்லை. அதே நேரத்தில், பிரித்தெடுத்த புரதமே சிறந்தது என்று முடிவுகட்டவும் இயலாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிக்குப் பின் முழு முட்டை உண்ட இளைஞர்களிடம், அதே 18 கிராம் புரதத்தை வெள்ளைக்கருவாக மட்டும் உண்டவர்களைவிடத் தசைப் புரத உருவாக்கம் கூடுதலாக இருந்தது. மஞ்சள் கருவில் உள்ள பிற சத்துகளுக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும்.

பொடியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புட்டியின் மேல் அச்சிட்ட எண். புரத அளவு பொதுவாக நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் நைட்ரஜன் உயரும்; தசைக்கு வேண்டிய புரதமோ உயராது. கொலாஜன் பொடியில் டிரிப்டோபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. அதை வே பொடிக்கு நிகராக எண்ணக் கூடாது. முட்டையையும் பருப்பையும் வாங்குகிறவருக்கு இந்தச் சந்தேகங்கள் எழுவதில்லை.

இருந்தும், பொடியே தக்க தேர்வாக அமையும் இடங்கள் உண்டு. நோயிலிருந்து மீள்பவர்கள், பசி குன்றிய முதியவர்கள், பற்களின்றி மெல்ல முடியாதவர்கள் ஆகியோருக்கு, வயிற்றை நிறைக்காமல் புரதத்தைத் தரும் அதன் தன்மையே உதவியாகிறது. தாவர உணவு மட்டும் உண்டு, கலோரியையும் குறைத்து, கிலோவுக்கு 1.6 கிராமை எட்ட விரும்புபவருக்கும் சோயா அல்லது பட்டாணிப் புரதப் பொடி வழியை எளிதாக்கும். நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் எதிலிருந்தானாலும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றவர்கள், பொடியை வாங்கும் முன், மூன்று நாள் உண்டதை வேளைவாரியாக எழுதிப் பார்க்கலாம். காலையில் புரதம் அறவே குறைந்து, இரவில் மொத்தமாகக் குவிந்திருப்பது தெரியவந்தால், காலை உணவோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் வெந்த பயறோ சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.