லெந்து நாட்களுக்கு வாங்கிய ஜெபக் குறிப்பேடு: பன்னிரண்டு பிரதி வாங்கியவளின் அனுபவம்

முதல் பக்கத்திலேயே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கிறார்கள்: பிள்ளை தானாகத் தந்தாலொழிய இதைத் திறந்து படிக்காதீர்கள். கீழே மத்தேயு 6:6, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி". சபைப் புத்தக மேசையில் நின்றபடி அதைப் படித்ததுமே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் என் மகனையும் சேர்த்துப் பதினொரு பேர், எனக்கு ஒன்று. ஒரு பிரதி 160 ரூபாய். பன்னிரண்டு வாங்கியதால் பத்து சதவீதம் குறைத்து 1,728 ரூபாய்க்குத் தந்தார்கள்.

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான நாற்பது நாள் குறிப்பேடு இது. லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனில் தொடங்கினால் ஞாயிறுகளை விட்டுவிட்டு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை முடியும். ஒரு நாளைக்கு ஒரு வசனம், ஐந்தாறு வரி விளக்கம், எழுத இடம், கடைசியில் "இன்று செய்" என்று ஒரு வேலை. வசனங்கள் நம் கோவிலில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்புதான். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் "சிட்சை", "அந்தரங்கம்" என்ற இடங்களில் தடுக்கி நிற்பார்கள் என்பதால் அடியில் பொருள் போட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாக வகுப்பெடுக்கிறேன். இந்தச் சின்ன உதவியின் அருமை எனக்குத் தெரியும்.

2025-இல் சாம்பல் புதன் மார்ச் 5. என் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28-இல் தொடக்கம். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் செய்கிற ஜெபம் நமக்குத் தெரியாததா? "மார்க் தாரும் ஆண்டவரே" என்பதோடு முடிந்துவிடும். இந்தக் குறிப்பேடு அதைத் தவறென்று கண்டிக்கவில்லை. முதல் வாரம் முழுக்க "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தை ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, அன்றன்றைக்குள்ள ஆகாரத்தைக் கேட்பதும் ஜெபம்தான் என்கிறது. பிறகு ஒரு நாள் 13-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே முறையிட்டிருக்கிறான், உனக்கு என்ன முறையீடு, எழுது என்று முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஆண்டவரிடம் கோபப்படலாம் என்று எங்கள் காலத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

பதினைந்தாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. என் கணவருக்குக் குவைத்தில் அன்றுதான் விடுமுறை, எங்களோடு நிதானமாகப் பேசுவதும் அன்றுதான். அன்றைய வேலை: உன் வயதில் உன் தகப்பன் என்ன ஜெபம் செய்தார் என்று அவரிடமே கேள்.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டான். நான் அடுக்களையில் நின்றேன். ஆச்சி, என் மாமியார், திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நீங்க பத்தாப்பு படிக்கையில என்னன்னு ஜெபம் பண்ணுவீங்க?"

"ஏன்ல திடீர்னு கேக்க?" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு சொன்னார். "தாத்தா பனையில இருந்து விழுந்து கெடந்த வருசம்ல அது. எல்லாரும் தாத்தா எந்திரிக்கணும்னு ஜெபம் பண்ணுனாங்க. நான் மட்டும் என் படிப்பு நின்னுரக் கூடாதுன்னு பண்ணுனேன். தாத்தாகிட்ட அதைச் சொல்லவே இல்ல."

திண்ணையிலிருந்து ஆச்சி நிமிராமலே, "அவருக்குத் தெரியும்யா. அதான் அடுத்த வருசம் திரும்பப் பனை ஏறுனாரு" என்றார்கள்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் கேட்டிராத கதை. அன்று அவன் அந்தப் பக்கத்தில் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் கேட்டுக்கொண்டபடி நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் "அம்மாகிட்ட குடுக்கேன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஓடுவதை விட்டுவிட்டான்.

என்னைக் கேட்டால் இந்தக் குறிப்பேட்டில் ஆகச் சிறந்த பக்கம் இருபத்துமூன்றாம் நாள்தான். மாற்கு 7-ஆம் அதிகாரம், கொர்பான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு கண்டிக்கிற இடம். வாலிபர் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வீட்டு வேலையை யார் தலையிலாவது போட்டுவிட்டுப் போயிருக்கிறாயா என்று நேராகவே கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இது அப்படியே நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் இவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரமும் ஒன்று. குடத்தை ஆச்சிதான் தூக்குவார்கள், முட்டி வலியோடு. அந்த வாரம் அவன் எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பிந்திப் போனான். யாரும் சொல்லவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபத்தையும் பெற்றோரைக் கனம்பண்ணுவதையும் தனித்தனிப் பாடமாகத்தான் நானே இத்தனை வருஷம் நடத்தி வந்தேன். அது என் தவறு என்று அந்தக் குடங்களைப் பார்த்தபோது புரிந்தது.

இனி குறைகள். தாள் மெலிசு. ஜெல் பேனா பின்பக்கம் ஊறிவிடுகிறது. பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்கிற உபாகமம் 5:16 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5:6 என்று அச்சாகியிருக்கிறது. "டீச்சர், இதுல எகிப்து தேசம்லா வருது" என்று ஒரு பிள்ளை ஓடி வந்தாள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பெற்றோரைப் பற்றி ஏழு நாட்கள் வருகின்றன. எபேசியர் 6-இல் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிற முதல் மூன்று வசனத்தையும் போட்டிருக்கிறார்கள், நாலாம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று பவுல் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாரே, அது எங்கே போயிற்று? எல்லா வீட்டிலும் அப்பா சாயங்காலம் வேலை முடிந்து நிதானத்தோடு வருகிறார் என்று நினைத்தே எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை பாதியிலேயே குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து கோவில் படியில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் கனம்பண்ணுவது இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். நாலாம் வசனத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதி ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பதினொரு பிரதியிலும் ஒட்டினேன். வெளியிட்டவர்கள் அடுத்த பதிப்பில் இதை அச்சிலேயே கொண்டுவர வேண்டும், கடிதமும் எழுதியிருக்கிறேன். சண்டே ஸ்கூல் டீச்சர்கள் யாராவது வாங்கினால், பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் நீங்களே ஒட்டிவிடுங்கள்.

பதினொரு பேரில் ஏழு பேர் கடைசிவரை எழுதினார்கள். மற்றவர்களைப் பரீட்சை இழுத்துக்கொண்டது, வருத்தமில்லை. முப்பத்தொன்பதாம் நாள் பெரிய வெள்ளியன்று சரியாக விழுகிறது. சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தாயை சீஷனிடம் ஒப்புவிக்கிற வசனத்தை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அன்றைய மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதான அந்த வார்த்தை முடிந்து பாட்டுக்கு எழுந்தபோது, வழக்கமாகப் பையன்கள் பெஞ்சில் இருக்கிற என் மகன் ஆச்சியின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். ஆச்சியின் கண்ணுக்குப் பாட்டுப் புத்தகத்தின் எழுத்து தெரியாது. அவன் அவர்களுக்காக வரியை முன்னால் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஈஸ்டர் முடிந்து குவைத்துக்குப் போகிற ஒருவர் கையில் கருப்பட்டியும் முறுக்கும் கொடுத்தனுப்பினோம். என்னுடைய பிரதியில் நான் அங்கங்கே எழுதியிருந்ததால், மேசைக்குப் போய் இன்னொன்று வாங்கி அதோடு வைத்தேன். அப்பாவுக்கும் ஒன்று அனுப்பச் சொன்னது மகன்தான். ஜெல் பேனா வேண்டாம் என்று சொல்லி, ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் அவனே அதில் செருகிவிட்டான்.