ஷியான் முஸ்லிம் தெருவில் எடை போட்டு விற்கும் இனிப்பு: விலைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள்

சீனாவின் ஷியான் நகருக்குப் போகிறவர்கள் முஸ்லிம் தெருவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1380-இல் கட்டப்பட்ட முரசுக் கோபுரத்துக்கு வடக்கே, ஆட்டிறைச்சி சுடும் புகையும் மாதுளைச் சாறு பிழியும் கடைகளுமாக நீளும் பெய்யுவான்மென் வீதியில், சென்ற அக்டோபரில் ஒரே ஒரு துண்டு இனிப்புக்கு நான் 223 யுவான் கொடுத்தேன்.

அந்த இனிப்பின் பெயர் சியேகாவ். அக்ரூட், உலர்திராட்சை, எள் ஆகியவற்றைப் பாகில் இறுக்கிப் பெரும் பாளமாக வைத்திருப்பார்கள். கேட்கும் அளவுக்கு வெட்டித் தருவார்கள். அட்டையில் 18 என்று பெரிதாக எழுதியிருந்தது. சீனச் சந்தைகளில் 500 கிராம் கொண்ட ஜின் கணக்கில்தான் பெரும்பாலும் விற்பார்கள் என்று அறிந்திருந்ததால், அரைக் கிலோ 18 யுவான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு விரல் அகலம் காட்டினேன். கடைக்காரர் கத்தியைச் சரியாக அங்கேதான் வைத்தார்; அழுத்தும்போது அது உட்பக்கமாகச் சாய்ந்து இறங்கியதை, துண்டு பிரிந்து விழுந்த பிறகே கவனித்தேன். தராசு 620 கிராம் காட்டியது.

விலை ஜின்னுக்கு அன்று. அதில் பத்தில் ஒரு பங்கான லியாங்குக்கு, அதாவது 50 கிராமுக்கு. அந்த எழுத்து 18-க்குக் கீழே சுண்டுவிரல் நகமளவில் இருந்தது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்று அவர் சைகை காட்ட, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அலிப்பேயில் பணம் செலுத்திவிட்டு நகர்ந்தேன். (1959 வரை ஒரு ஜின்னுக்கு 16 லியாங், அந்தக் கணக்காக இருந்திருந்தால் இன்னும் அதிகம் அழுதிருப்பேன்.)

அலகு எழுதப்பட்டிருந்ததால் விலையை மறைத்தார் என்று புகார் சொல்லவும் வழியில்லை. தெரு முழுவதும் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன்: அன்றிரவே சற்று மேற்கே, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சாஜின்சியாவ் சந்தில், ரொட்டியை நானே பிய்த்துப் போட்டு உண்ட ஆட்டிறைச்சிச் சூப்புக்குச் சுவரில் எழுதியிருந்த விலையை மட்டுமே வாங்கினார்கள்.

லியாங் என்னும் எழுத்தை எளிதில் அடையாளம் காணலாம்: மேலே ஒரு படுக்கைக் கோடு, அதன் கீழே ஒரு சட்டகம், அதற்குள் இரண்டு மனிதர்கள் அருகருகே நிற்பது போலிருக்கும். அது கண்ணில் பட்டால் விலையைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். கத்தி இறங்கும் முன்பே, எவ்வளவு பணத்துக்கு வேண்டும் என்பதைக் கைப்பேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டுங்கள். அதற்கு மேல் வெட்டினால் பணம் செலுத்தாமல், நுகர்வோர் புகார் எண்ணான 12315-ஐ அவர் கண்ணெதிரிலேயே அழையுங்கள்.