வளர்ப்பில் பிறந்தது என்று சொல்லி என் தலையில் கட்டிய டரன்டுலா

டரன்டுலா, அதாவது வீட்டில் வளர்க்கும் பெரிய முடிச் சிலந்தி, வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

நான் கேட்டது சிலி ரோஸ் என்ற வகையில் ஒரு பெட்டை, காட்டில் பிடித்தது இல்லாமல் வளர்ப்பில் பிறந்தது. "எல்லாம் நம்மகிட்ட பொரிச்சதுதான்" என்றார் விற்றவர். வந்ததைப் பார்த்தேன். முழு வளர்ச்சி, ஒரு கால் மட்டும் மற்றதைவிடக் குட்டை, வயிற்றில் முடி உதிர்ந்து வழுக்கை. வழுக்கை பெரிய விஷயமில்லை, மிரண்டால் பின்காலால் முடியைத் தேய்த்து உதறும், வளர்ப்பில் பிறந்ததும் செய்யும். குட்டைக் கால் எங்கோ இழந்து மறுபடி முளைத்தது. அதுவும் எங்கும் நடக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாப்பிடவே இல்லை. கேட்டதற்கு, ரோஸ் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்றார். அது உண்மைதான், அதனால்தான் ஏமாந்தேன். ஆறாவது வாரம் தண்ணீர்த் தட்டின் மேலேயே போய்க் கவிழ்ந்து உட்கார்ந்தது. பெட்டியைத் திறந்தால் கெட்ட வாடை. டார்ச் அடித்தேன், கொடுக்குப் பற்களுக்கு நடுவில் வெள்ளையாகப் பசை மாதிரி ஏதோ. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தப் பசை நெளிந்தது. நூற்புழு, நூல் மாதிரி மெலிந்த ஒட்டுண்ணி. வாயில் வந்துவிட்டால் நம்பி கொடுக்கக்கூடிய வைத்தியம் கிடையாது. ஒன்பது நாளில் சிலந்தி செத்துப்போய்விட்டது.

படம் அனுப்பினேன். "நீங்க ஈரம் அதிகமா வெச்சிருப்பீங்க" என்றார். கடைசியாக எப்போது சட்டை உரித்தது, உரித்த சட்டை இருக்கிறதா, எந்த மாதம் பொரித்தது என்று வரிசையாகக் கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் பதிலே இல்லை. வாங்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ரோஸ் பெட்டை முழுசாக வளரவே பல வருடம் ஆகும். ஒருவரிடம் எப்போது கேட்டாலும் ஒரே அளவில் பத்துப் பெரிய பெட்டைகள் இருக்கிறதென்றால், அத்தனை வருடம் அத்தனைக்கும் தீனி போட்டு வளர்த்தாராமா? காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும். நிஜமாக இனப்பெருக்கம் செய்பவர் பெரும்பாலும் நகத்தளவு குட்டிகளைத்தான் விற்பார், பொரித்த தேதியையும் சொல்வார். காட்டில் பிடித்தது நூற்புழுவோடு மட்டுமில்லை, உள்ளே ஈயின் புழுவோடும் வரலாம். அக்ரோசெரிட் என்ற ஈக் குடும்பத்தின் புழு சிலந்திக்குள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, ஒருநாள் வயிற்றைப் பிளந்து வெளியே வரும். பெட்டை 15, 20 வருடம் வாழும் என்று நினைத்து வாங்குகிறோம், அதற்கு ஏற்கெனவே எத்தனை வயது என்பதே தெரியாது.

எம்பரர் தேளும், 2019-இல் சேர்க்கப்பட்ட பொசிலோதீரியா என்ற டரன்டுலா வகைகளும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. எல்லை தாண்டி வந்தது என்று சொன்னால் அனுமதிக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

புதிதாக வந்ததை வேறு அறையில் வைக்காமல் விட்டது முழுக்க என் தப்பு. ஒரே இடுக்கியால்தான் எல்லாவற்றுக்கும் தீனி போட்டேன். இப்போது மற்ற மூன்று சிலந்திகளின் வாயிலும் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வெள்ளையாக எதுவும் இல்லை.