முதுகுப் பக்கம் 1966 என்றிருந்தால்? பழைய பார்பியை எதை வைத்து அடையாளம் காண்பது

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமி அனுப்பிய பார்பி ஒன்று யாழ்ப்பாணத்தில் பல வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளில் இன்னும் நிற்கிறது. அதை விற்கவோ சேர்க்கவோ நினைப்பவர்கள் பாவைப்பிள்ளையைக் கவிழ்த்து முதலில் ஆண்டைத்தான் தேடுவார்கள். பதிந்த ஆண்டு, செய்த நாடு, உடம்பு என்ற மூன்றில் என் வரிசையில் ஆண்டுக்குக் கடைசி இடம்.

காரணம், அது உடம்பின் வடிவமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு; பொம்மை செய்த ஆண்டு இல்லை. 1967இல் வந்த, இடுப்பு திரும்பும் பார்பியில் பதிந்த 1966, 1990களில் செய்தவற்றிலும் இருக்கிறது. அதை வைத்து "அறுபது வருசப் பழசு" என்று விலை சொல்பவரோடு வாதாட வேண்டாம். பின்தலையைப் பாருங்கள். கழுத்து விளிம்பில் 1976 என்றிருந்து, முகமும் பல் தெரியச் சிரித்தால், அது 1977இல் அறிமுகமான 'சூப்பர்ஸ்டார்' பார்பியின் முகம். தலையை யாரோ மாற்றிப் பூட்டியதாக நினைக்காதீர்கள், தொழிற்சாலையிலேயே அப்படித்தான்.

நாட்டின் பெயர் கொஞ்சம் கூடுதலாக உதவும். ஜப்பான் என்றால் பெரும்பாலும் 1959 முதல் 70களின் தொடக்கம் வரை. அப்புறம் ஹொங்கொங், தாய்வான், கொரியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா. ஒரே மாடலை இரண்டு நாட்டில் செய்யும்போது உதட்டு நிறமும் கண் பூச்சும் சற்று மாறும். இந்தியா என்றிருந்தால், அங்கே பார்பி தயாரித்த லியோ மாட்டல் நிறுவனம் செய்தது. சேலை கட்டிய பார்பிகள் பல அந்த வகை.

ஆனால் 1959 முதல் 1961 வரை வந்த குதிரைவால் முடிப் பார்பிகளிடம் ஆண்டும் நாடும் தோற்றுவிடும். ஐந்து வகையுமே ஜப்பானில் செய்தவை, முத்திரையில் எல்லாவற்றுக்கும் ரோம எண்களில் அதே 1958. இங்கே உடம்புதான் பேசும். முதல் வகைக்கு இரு பாதங்களிலும் துளை, உள்ளே செம்புக் குழாய், நிறுத்தும் தாங்கியின் கம்பிகள் நுழைவதற்காக. இரண்டாவதில் துளை இல்லை, மற்றதெல்லாம் ஒன்றே: கருவிழியில் வெள்ளை, கூரான வளைந்த புருவம், காலப்போக்கில் தந்தம்போல் வெளுத்த தோல். மூன்றாவதில் விழி நீலம், புருவம் மென்மையாக வளையும். முகம் அதே, ஆனால் தோல் நிறம் வெளுக்காமல் நின்றால் நான்காவது. ஐந்தாவதைக் கையில் எடுத்தாலே தெரியும்: உள்ளே வெற்று, பாரம் குறைவு. முந்தைய நான்கும் கனக்கும்.

இரண்டாவதைத் துளைபோட்டு முதலாவதாக விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. வெறும் துளையை மதிக்காதீர்கள், குழாயைப் பாருங்கள். முகத்தையும் புதிதாகத் தீட்டலாம், ஆகவே விழி நிறத்தை மட்டும் தனியே நம்புவதும் ஆபத்து. பாரத்தை ஏமாற்றுவது அவ்வளவு எளிதில்லை.

காதோரம் பச்சை படிந்திருந்தால் விலை குறையும், ஆனால் அது நல்ல சாட்சி. பழைய உலோகத் தோட்டின் செம்பு, பொம்மையின் வினைல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கிளப்பும் நிறம் அது. தோடு இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள். வெயில் விழும் யன்னலோர அலுமாரியும் சரிப்படாது, எங்கள் வெக்கையில் வினைல் பிசுபிசுக்கும்.

பார்சலில் வரவழைப்பதானால் பாதம், இடுப்புக்குக் கீழ்ப் பின்பக்கம், பின்தலை மூன்றுக்கும் படம் கேளுங்கள், தராசில் வைத்த படமும் கிடைத்தால் நல்லது. முகத்தை மட்டும் அனுப்புபவரிடம் நான் வாங்குவதில்லை.