வீடியோவா, நேரலையா, வார்டா? நர்ஸ்களுக்கான நோய்த்தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் எதை எடுப்பது

அன்று நைட் டூட்டி. வார்டு கொஞ்சம் அடங்கியிருந்த நேரத்தில், முடித்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்த ஆன்லைன் பாடத்தை உட்கார்ந்து முடித்தேன். நூற்றுக்கு நூறு. சான்றிதழையும் கையோடு இறக்கி வைத்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு டிரெஸ்ஸிங்கை முடித்துவிட்டு கிளவுஸைக் கழற்றினேன். முதல் கிளவுஸ் சரியாகத்தான் வந்தது. இரண்டாவதை வெறும் விரலால் வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர், "ஏம்மா, அந்த விரல் இப்போ எதைத் தொட்டுச்சு?" என்றார். இதே கேள்வி மூன்று மணி நேரத்துக்கு முன்னால் திரையில் வந்திருந்தது. மணிக்கட்டுப் பக்கமாக உள்ளே விரலை நுழைத்து உரிக்க வேண்டும் என்ற சரியான விடையைத்தான் நானும் டிக் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் என் கையை யாராவது பார்க்கிறார்களா? மூன்று வகைப் பயிற்சியையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் அந்தக் கேள்வியை வைத்தே மார்க் போடுகிறேன்.

முதலில், நாமே நேரம் பார்த்துப் படிக்கும் பதிவுப் பாடங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓப்பன் டபிள்யூஎச்ஓ தளத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. இலவசம், ஷிப்ட் எப்படி மாறினாலும் தொந்தரவில்லை, புரியாததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். 'ஏன்' என்பதைக் கற்றுக்கொள்ள இதை விட வசதியான வழி கிடையாது. ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியிடமிருந்து வந்தால் ஏன் சிங்க்குக்குத்தான் போக வேண்டும்? அந்தக் கிருமியின் ஸ்போரை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது, கழுவித்தான் தள்ள வேண்டும். இந்தக் காரணத்தை ஒருமுறை படம் போட்டுக் காட்டிவிட்டால் மறக்காது. அந்தந்தத் தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி நம்மைக் குத்தினால் என்ன ஆகும் என்பதும் அப்படித்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு, எச்ஐவிக்குச் சுமார் 0.3 சதவீதம். நாம் பயப்படும் வரிசை எவ்வளவு தலைகீழ் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இதன் கோளாறு 'அடுத்து' பட்டனில் இருக்கிறது. வீடியோ ஒரு பக்கம் ஓட, நாம் ஐவி சார்ட் எழுதிக்கொண்டிருப்போம். அதனால் பதிவுப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தேர்வுக் கேள்விகளைப் பாருங்கள். "கை சுத்தம் முக்கியமா?" என்கிற ரகக் கேள்விகள் இருந்தால் மூடிவிடலாம். நல்ல பாடம் இப்படிக் கேட்கும்: நாலாம் படுக்கையில் சக்ஷன் செய்து (சளியை உறிஞ்சி எடுத்து) முடிக்கிறீர்கள், அஞ்சாம் படுக்கையில் பம்ப் அலாரம் அடிக்கிறது, அதை நிறுத்தக் கை நீள்கிறது. கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் இப்போது எது? உடல் திரவம் பட வாய்ப்பிருந்த வேலை முடிந்தது, நோயாளியைத் தொட்டதும் முடிந்தது. ஆக மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக வந்து நிற்கின்றன, கிளவுஸைக் கழற்றி ஒரே முறை கையைச் சுத்தம் செய்தால் இரண்டுக்கும் போதும். கிளவுஸோடு பம்ப்பைத் தொடுபவர்தான் அதிகம். இந்த மாதிரிக் கேள்வியில் இரண்டு முறை தோற்றால்தான் மனதில் பதியும்.

அடுத்தது நேரலை வகுப்பு. இதில் இரண்டு ஜாதி. இருநூறு பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது ஒன்று. அது இடையில் நிறுத்தக்கூட முடியாத வீடியோ, அவ்வளவுதான். இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருப்பது. நான் போன அப்படியொரு வகுப்பில் பயிற்சியாளர் சொன்ன முதல் வார்த்தையே, "போன் கேமராவை முகத்துக்கு வைக்காதீங்க, கைக்கு வைங்க" என்பதுதான். அப்புறம் வெள்ளை கிளவுஸ் போடச் சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் நீலப் பெயின்ட் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஹேண்ட் ரப் தேய்ப்பது போலத் தேய்க்கச் சொன்னார். கண்ணைத் திறந்தால் உள்ளங்கை இரண்டும் முழு நீலம். கட்டைவிரலைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒன்பது வருட சர்வீஸ் எனக்கு. அதே பெயின்ட் கிளவுஸைக் கழற்றச் சொன்னபோது பாதிப்பேர் மணிக்கட்டில் நீலம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதுகாப்பு உடைகளைக் கழற்றும் வரிசை பற்றியும் ஒரு சண்டை வந்தது. கிளவுஸ், கண்ணாடி, கவுன், மாஸ்க் என்று ஒருவர் சொல்ல, கவுனையும் கிளவுஸையும் சேர்த்தே உருட்டிக் கழற்ற வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இரண்டு முறையையுமே படம் போட்டுக் காட்டியிருக்கிறது, ஆக இரண்டு பேருமே சரி. எதைச் செய்தாலும் மாஸ்க் கடைசி, முன்பக்கத்தைத் தொடக்கூடாது, காற்றில் பரவும் நோய் என்றால் என்95 மாஸ்க்கை அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே கழற்ற வேண்டும். அதற்கு மேல், உங்கள் மருத்துவமனை நெறிமுறை எந்த வரிசையைச் சொல்கிறதோ அதையே எல்லோரும் பின்பற்றுவதுதான் முக்கியம். பதிவுப் பாடம் ஒரு வரிசையைக் காட்டிவிட்டுப் போய்விடும், இந்த வாக்குவாதத்துக்கு அங்கே இடமில்லை.

நேரலையின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வகுப்பு நேரம் ஷிப்ட்டோடு மோதும். நைட் முடித்து வந்து காலை பத்து மணி வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகும். சின்ன வகுப்புகளில் இடம் கிடைப்பதும் லேசில்லை.

மூன்றாவது, ஆன்லைனும் வார்டும் கலந்தது. பாடத்தைத் திரையில் படிப்பது, பிறகு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் ஒருவர் படுக்கையருகே நின்று நம் வேலையைப் பார்ப்பது. பயிற்சி என்பது பங்கேற்று, குழுவாக, செய்யும் வேலையை ஒட்டி, படுக்கையருகிலும் மாதிரிச் சூழலிலும் நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலே சொல்கிறது. என் ஓட்டும் இதற்குத்தான். என்95 முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்ற ஃபிட் டெஸ்டை எந்த இணைய வகுப்பும் செய்து தராது. யூரின் பையைத் தரையில் படாமல், ஆனால் மூத்திரப்பைக்குக் கீழேயே எங்கே மாட்டுவது என்பது உங்கள் கட்டிலைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒன்று, கூட நின்று பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரமும் வேண்டும். கலப்புப் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு, பார்வையாளர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. அதற்கு பதிவுப் பாடமே மேல்.

தொற்றுத் தடுப்பு நிபுணர்களுக்கான சிஐசி சான்றிதழை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. மூன்று மணி நேரம், 150 கேள்வி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். தொற்றுத் தடுப்பையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர்களுக்கான தேர்வு அது. வார்டு நர்ஸ் அதற்குப் படிப்பதில் தப்பில்லை, ஆனால் கிளவுஸ் கழற்றக் கற்றுக்கொள்ள அங்கே போக வேண்டாம்.

யாருக்கு எது என்றால், புதிதாகச் சேர்ந்தவர் பதிவுப் பாடத்தை முதல் வாரமே முடித்துவிடலாம், அது இல்லாமல் வார்டில் சொல்வது புரியாது. ஐசியூவில் இருப்பவருக்குக் கலப்புதான், பேச்சே இல்லை. பல வருடம் ஆனவருக்கு நேரலை, அதுவும் சின்ன வகுப்பு. பழக்கமாகிப்போன தப்பு மற்றவர் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்றில் எதுவும் அமையாதவர், ஒரு பதிவுப் பாடத்தை முடித்துவிட்டு அடுத்த டூட்டியில் கூட வேலை செய்பவரிடம் "நான் கழற்றுறதைக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்டால் பாதிக் கிணறு தாண்டினாற்போல.

இப்போது எங்கள் வார்டில் சான்றிதழோடு வரும் ஒவ்வொருவருக்கும் நானே வெள்ளை கிளவுஸும் நீலப் பெயின்ட்டும் எடுத்து வைக்கிறேன். உள்ளங்கை எல்லோருக்கும் நன்றாக வந்துவிடுகிறது. கட்டைவிரல்தான் இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது.